செத்தவர் சிரிக்கணும்

மாலை போட்ட போட்டோ வேண்டாம், உடம்பே கிடக்கட்டும் என்று மகரந்த் காலையில் வந்து சொன்னபோது, அவதேஷ் கட்டியாரின் இடது கை குர்தாப் பைக்குள் இருந்தது. ஏழு மாதமாக அது அங்கேதான் குடியிருந்தது.

மகரந்துக்கு நாற்பது வயது. இந்தப் படத்துக்கு அவன்தான் இயக்குநர், அப்பா வேடம் அவதேஷுக்கு. ராத்திரி முழுக்க யோசித்தேன் என்றான். சாவு வீட்டுக் காட்சியில் சுவரில் ஒரு படமும் அதில் ஒரு மாலையும் என்றால் யாருக்கு வலிக்கும்? அப்பா கூடத்துத் தரையில் கிடக்க வேண்டும். இப்போதுதான் உயிர் போயிருக்கிறது, துணி போர்த்த இன்னும் ஆள் வரவில்லை. காமிரா கால் விரலில் கிளம்பி முகத்துக்கு வரும். மூன்று நிமிடம், ஒரே ஷாட். மகள் ஓடி வந்து அப்பாவின் கையை எடுத்துத் தன் முகத்தில் அறைந்துகொண்டு அழுவாள்.

"வசனம் இல்ல, நடை இல்ல, கட்டியார்ஜி. சும்மா படுத்துக் கிடந்தா போதும். உங்களுக்கு இன்னைக்கு லீவு."

சும்மா கிடப்பது ஒன்றுதான் அவரால் ஆகாத காரியம். அந்தக் கை வேலை செய்தால் அடங்கியிருக்கும். டீ கிளாஸைப் பிடிக்கும், காகிதத்தை அமுக்கும், கூட்டத்தை விலக்கும், ஒரு குறையும் இல்லை. சும்மா விட்டால் போச்சு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசி, கண்ணுக்குத் தெரியாத பீடியைச் சுருட்ட ஆரம்பித்துவிடும். அந்தேரி டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொல்லி, நாளைக்கு மூன்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனைவிக்குத் தெரியும். வேறு ஒரு ஜீவனுக்கும் தெரியாது.

தெரியவும் கூடாது. இன்று மாலை, வேலை முடிந்ததும், இந்தப் படத்தின் தயாரிப்பாளர் போஜ்வானி அவரோடு ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. இயக்குநராக அவதேஷின் ஐந்தாவது படம். மார்ச் மாதம் கான்பூரில் தொடக்கம். பதினோரு வருடம் கழித்து அவர் மறுபடியும் காமிராவுக்கு அந்தப் பக்கம் நிற்கப் போகிறார். போஜ்வானி கெட்டவர் இல்லை. ஆனால் அப்பா காலத்திலிருந்து படம் எடுக்கிற குடும்பம், நோயாளி வாசனையை மூக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தத் தொழிலில் ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் வீட்டுக்குப் பூங்கொத்து வரும். வேலை வராது.

ஒரு போர்வையாவது போர்த்தலாமே என்று அவதேஷ் சொல்லிப் பார்த்தார். இப்போதுதானே செத்திருக்கிறார் என்றான் மகரந்த். அப்படியானால் வலது கையைக் கொடுக்கிறேன், வலது கை என்றால் அப்பன் சோறு போட்ட கை, அர்த்தம் வரும் என்றார். வலது பக்கம் காமிரா ஓடுகிற தண்டவாளம் போட்டாயிற்று, மகளாக நடிக்கிற நிஹாரிகா இடது பக்கம்தான் உட்கார முடியும் என்று அவன் காலால் தரையில் கோடு கிழித்துக் காட்டினான். அவன் சொன்னது சரிதான். தானாக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டே அவர் மேக்கப் அறைக்குப் போனார்.

அங்கேயும் அவரால் சும்மா உட்கார முடியவில்லை. நின்றபடியே பூசச் சொன்னார். மேக்கப்காரன் ஸ்டூல் மேல் ஏறி அவருக்குச் சாவு நிறம் பூசினான்.

கான்பூர் மில்லில் பஞ்சு சிக்கெடுக்கிற பிரிவில் இருமி இருமியே கரைந்தவர் அவதேஷின் அப்பா. மகனும் அதே மில்லில் இரண்டு வருடம் தறியில் நூல்கண்டு மாற்றுகிற வேலை பார்த்தார். பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு பம்பாய்க்கு ரயில் ஏறி, பன்னிரண்டு வருடம் ஒரு பெரிய இயக்குநரிடம் எடுபிடியாகவும் உதவியாளராகவும் கிடந்தார். நடிப்பு அங்கே தற்செயலாக ஒட்டிக்கொண்டது. கணக்குப்பிள்ளை வேடத்துக்கு வர வேண்டியவன் வராமல் போக, நீ நில் என்று குரு பிடித்துத் தள்ளினார். முப்பத்திரண்டு வயதில் முதல் படம், மில் வேலைநிறுத்தம் பற்றியது. டில்லியில் பதக்கம் கொடுத்தார்கள். தியேட்டர் ஈ ஓட்டியது. லாரி டிரைவரைப் பற்றி எடுத்த இரண்டாவது படம் வடக்கே இருபத்தைந்து வாரம் ஓடியது. மூன்றாவதில் பெரிய நட்சத்திரம், அவனோடு செட்டிலேயே கைகலப்பு, படம் படுத்தது. நான்காவது ஒரே வாரம். அதற்குப் பிறகு நடிப்புதான் சோறு போட்டது. ஒன்பது தடவை நீதிபதி, ஆறு தடவை டி.எஸ்.பி., மற்றபடி பெண்ணைப் பெற்ற அப்பன். எல்லா வேடத்திலும் கையில் எதையாவது பிடித்துக்கொள்வார். தடி, கோப்பு, மூக்குக் கண்ணாடி. நல்ல நடிகர், பொருள்களை அழகாகக் கையாளுவார் என்று யாரோ எழுதிக்கூட இருந்தார்கள்.

பிணத்தின் கையில் எதைக் கொடுப்பது?

ஒளி அமைக்கிற நேரத்தில் நாற்பது நிமிடம் தரையில் கிடக்க வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அவர் எல்லாவற்றையும் கேட்டார். தண்டவாளத்தின் மூன்றாவது இணைப்பில் காமிரா வண்டி 'டக்' என்று தட்டியது. கீழே ஒரு ஆப்பு வைத்தால் போதும், யாரும் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களாக வந்த நான்கு துணை நடிகைகளில் ஒருத்தி புதுச் செருப்பைக் கழற்றாமல் கூடத்துக்குள் நடந்தாள். சாவு வீட்டில் செருப்பா? அவருக்கு நாக்கு அரித்தது. இடது கை மெல்லத் தன் வேலையை ஆரம்பித்தது. தொடைக்கடியில் தள்ளினார். கை தெரியவில்லை என்று காமிராமேன் கத்தினான். வெளியே எடுத்தார். அது பீடி சுருட்டியது.

மேலே, கயிற்றில் தொங்கும் பலகைப் பரணில், சுதாமா உட்கார்ந்திருந்தான். ஐம்பது வயது லைட்மேன், கான்பூர்க்காரன். அவதேஷின் முதல் படத்தில் உள்ளூர்ப் பையனாக விளக்கும் ஃபிலிம் டப்பாவும் தூக்க வந்து, அந்த யூனிட்டோடேயே லாரியில் பம்பாய் வந்து சேர்ந்தவன். மேலேயிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் தெரியும். எந்த நடிகனுக்குச் சொட்டை விழுகிறது, எவள் முதுகுக்குப் பின்னால் எவன் கை போகிறது என்று முதலில் தெரிவது பரண்காரர்களுக்குத்தான். அவர்கள் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஏணி கிரீச்சிட்டது. சுதாமா அவசரமில்லாமல் இறங்கி வந்தான். ஒரு இரும்புக் கம்பத்தில் கறுப்புத் துணிச் சட்டத்தை மாட்டி, பக்கவாட்டு விளக்குக்கும் அவதேஷின் கைக்கும் நடுவில் நிறுத்தினான். கை மேல் நிழல் விழுந்தது. யார் அதை வைக்கச் சொன்னது என்று காமிராமேன் எகிறினான்.

"கை வெள்ளையா அடிக்குது, சாப். செத்தவர் கை அப்படியா அடிக்கும்?" என்றான் சுதாமா.

காமிராமேன் மானிட்டர் திரையை ஒரு கணம் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றான். சுதாமா பரணுக்குத் திரும்பினான். அவதேஷ் பக்கம் பார்க்கவேயில்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு போஜ்வானி வந்து, திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் ஒரு பச்சைக் கோப்பு. அதில் என்ன இருக்கிறது என்று அவதேஷுக்குத் தெரியும்.

முதல் தடவை வண்டி தட்டி ஷாட் கெட்டது. அதன் பிறகுதான் ஆப்பு வைத்தார்கள். இரண்டாவது தடவை நிஹாரிகா வசனத்தை மறந்தாள். பெரிய கதாநாயகி, பத்து வருடமாக முன்வரிசையில் இருப்பவள், கண்ணீர் கேட்ட மாத்திரத்தில் வரும். அந்தக் கண்ணீர்தான் அவதேஷுக்குப் பிடிக்கவில்லை. தரையில் கிடந்து கேட்கும்போது அது குழாய்த் தண்ணீர் சத்தம் மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை அவள் கையை எடுத்து முகத்துக்குக் கொண்டுபோனாள். நிழலை விட்டு வெளிச்சத்துக்கு வந்த கை, அவள் கன்னத்திலேயே படபடவென்று ஆடியது. அழுகை பாதியில் நின்றது.

மகரந்த் கட் சொன்னான். நிஹாரிகா குனிந்து, சாருக்குக் குளிருகிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். உடனே ஏ.சி.யை நிறுத்தச் சொல்லி ஆள் பறந்தது. பத்து நிமிடத்தில் மொத்தத் தளமும் வியர்வையில் நனைந்தது. துணை நடிகைகள் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். பிணத்துக்குக் குளிர்கிறது, உயிரோடு இருக்கிறவன் வெந்து சாகிறான் என்று ஒலிப்பதிவுக்காரர் முனகியது எல்லோர் காதிலும் விழுந்தது. போஜ்வானி மட்டும் சிரிக்கவில்லை. அவர் திரையை நோக்கி நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் அவதேஷுக்குத் துல்லியமாகக் கேட்டது.

நான்காவது தடவை. காமிரா காலருகில் கிளம்பிவிட்டது. முகத்துக்கு வர இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. நிஹாரிகா ஓடி வந்து உட்கார்ந்தாள். ஒப்பாரி எழுகிற சத்தத்துக்கு நடுவே, உதடு அசையாமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி பிணம் பேசியது.

"அழாதே. திட்டு. சொல்லாம போயிட்டான்ல உங்கப்பன், திட்டு. என் கையை ரெண்டு கையாலயும் நசுக்கிப் பிடி. விட்டுடாதே."

காட்சிக்காகச் சொன்னாரா, கைக்காகச் சொன்னாரா என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவருக்கே பிடிபடவில்லை. அவள் ஒரு மூச்சு தயங்கினாள். பிறகு அந்தக் கையைப் பிடித்தாள், விரல் எலும்பு நொறுங்குகிற மாதிரி. அழவில்லை. மருந்தைத் தினமும் நான்தானே எடுத்துக் கொடுக்கணும், இன்னைக்கு ஒரு நாள் நான் இல்லேன்னா போயிடுவியா, அவ்வளவு அவசரமா, யாரைக் கேட்டுப் போனே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். குரல் ஏறிக்கொண்டே போனது. எழுதிக் கொடுத்த வசனத்தில் ஒரு வரிகூட அதில் இல்லை. கடைசியில் அந்தக் கையைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். கை ஆடவில்லை. ஆட இடம் இல்லை.

கட் சொல்ல மகரந்துக்கே சிறிது நேரம் ஆயிற்று. சொன்னதும் தளம் முழுக்கக் கைதட்டியது. நிஹாரிகா எழுந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல மாட்டாள் என்று தோன்றியது.

அவதேஷ் எழுந்தார். கை பைக்குள் போயிற்று. நேராக மேக்கப் அறை, முகத்தைக் கழுவி, வேறு சட்டை, பேனா, கையெழுத்து. வாசலுக்குப் பத்து அடிதான் இருந்தது.

"செத்தவர் இன்னும் சிரிக்கல."

குரல் பரணிலிருந்து வந்தது. தளத்தில் எல்லோரும் அப்படியே நின்றார்கள். காமிராவைக் கழற்றப்போனவன் கையை எடுத்துக்கொண்டான். பிணமாக நடித்தவர் எழுந்ததும் அதே காமிராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் போக வேண்டும். கடைசியாகப் பதிவாவது சாவாக இருக்கக்கூடாது. படம் எடுக்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். மெத்தப் படித்த மகரந்துக்குக்கூட. ஆமாம், மறந்தே போச்சு, ரெண்டு நொடி சிரித்துவிடுங்கள் கட்டியார்ஜி என்றான் அவன்.

அதெல்லாம் பழைய பஞ்சாங்கம், விடுங்கப்பா என்றார் அவதேஷ். நடந்துகொண்டே சொன்னார்.

"பாபு," என்றான் சுதாமா. மேலேயிருந்து அவன் எப்போதும் சாப் என்றுதான் கூப்பிடுவான். பாபு என்பது கான்பூரில் கூப்பிட்ட பெயர். "சிரிச்சிட்டுப் போங்க, பாபு."

அவர் கால் நின்றது.

முதல் படத்தில் வேலைநிறுத்தக் காட்சிக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது. மில்லிலேயே வேலை பார்த்த ராம்ஜியாவனைப் படுக்க வைத்தார்கள். சுதாமாவின் அண்ணன். குண்டடி பட்டவனாக மில் வாசலில் கிடந்தான். ஷாட் முடிந்ததும் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக் காமிராவுக்கு முன்னால் வந்து நின்றான். யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், சிரிக்க வேண்டும் என்று. முகத்தில் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான். ஃபிலிம் தீர்ந்துபோச்சு, சிரிப்புக்கெல்லாம் செலவழிக்க முடியாது என்று அவதேஷ் காமிராவை மூடச் சொல்லிவிட்டார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, அடுத்த ஷாட் பாக்கி. அந்த ஆள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாதவன் மாதிரி. நாற்பதாம் நாள் செத்துப்போனான். பஞ்சுத் தூசி தின்ற நுரையீரல், எப்படியும் போயிருப்பான். அவன் இருமிய இருமல் அவதேஷுக்கு வீட்டில் கேட்ட இருமல்தான். சிரிக்காததால் ஒருவனும் சாவதில்லை. இத்தனை வருடத்தில் சுதாமாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவதேஷ் திரும்பிப் போய் அதே இடத்தில் படுத்தார். நம்பிக்கையால் அல்ல. ஆனால் நான்கு தடவை செத்துக் கிடந்ததில் உள்ளுக்குள் ஏதோ நடுங்கிப்போயிருந்தது, கையைவிட மோசமாக. காமிரா முகத்துக்கு நேரே வந்தது. மகரந்த் ஆக்ஷன் சொன்னான். அவர் எழுந்து உட்கார்ந்து பல்லைக் காட்டினார்.

"இது எங்க மேனேஜர் சம்பளம் குடுக்கறப்ப சிரிக்கிற சிரிப்பு," என்றார் ஒலிப்பதிவுக்காரர். "பிணமே பரவாயில்ல சார்."

தளம் சிரித்தது. பரணிலும் சிரிப்பு கேட்டது. அவதேஷுக்கும் வந்துவிட்டது, வயிற்றிலிருந்து கிளம்பி, சாவுப் பவுடர் வெடித்து உதிர, தோள் குலுங்க, நிறுத்த முடியாத சிரிப்பு. எப்போது கையைப் பையிலிருந்து எடுத்தார் என்று தெரியாது. சிரித்து ஓய்ந்து பார்த்தபோது இடது கை முழங்கால் மேல், முழு வெளிச்சத்தில், பீடி சுருட்டிக்கொண்டிருந்தது. காமிரா ஓடிக்கொண்டிருந்தது. திரைக்கு முன்னால் போஜ்வானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

எல்லோரும் கலைகிற வரை போஜ்வானி காத்திருந்தார். பிறகு பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அவதேஷ் உட்காரவில்லை.

"எத்தனை மாசமா?"

"ஏழு."

"என்கிட்ட ஏன் சொல்லல, கட்டியார் சாப்?"

"சொன்னா பூங்கொத்து அனுப்பியிருப்பீங்க."

போஜ்வானி மறுக்கவில்லை. கோப்பைத் திறந்தார், மூடினார். டாக்டர் என்ன சொல்கிறார், கால் நடக்கிறதா, பேச்சு குழறுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பதுபோலத்தான் கேட்டார். அவதேஷும் அப்படியே பதில் சொன்னார். கால் சரி, பேச்சு சரி, தலை சரி. கை மட்டும் சும்மா இருந்தால் ஆடும்.

"வேலை குடுங்க, நிக்கும்," என்றார்.

போஜ்வானி நிமிர்ந்து பார்த்தார். அந்த நாலாவது டேக்கில் அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். மைக்கில் முணுமுணுப்பு விழுந்திருக்கிறதாம். அவதேஷ் சொன்னார். நசுக்கிப் பிடிக்கச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னார்.

பிறகு போஜ்வானி கணக்குத் தீர்ப்பதுபோல ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். படம் உண்டு. ஆனால் காகிதத்தில் இரண்டாவதாக ஒரு பெயர் இருக்கும். அந்த ஆள் தினமும் செட்டுக்கு வருவான். நடுவில் இவரால் முடியாமல் போனால் அவன் முடித்துக் கொடுப்பான். மகரந்திடம் கேட்கலாம் என்றிருக்கிறார்.

மூன்றாவது படத்தில் இதைவிடச் சின்னப் பேச்சுக்கு நட்சத்திரத்தின் சட்டையைப் பிடித்தவர் அவதேஷ். இப்போது வாசலைப் பார்த்தார். வெளியே வெயில் இன்னும் இருந்தது. போய்விடலாம், பத்தாவது தடவையாக நீதிபதி ஆகலாம், சுத்தியலைப் பிடித்துக்கொண்டு.

"வரட்டும். ஆனா என் நாற்காலியில உக்காரக் கூடாது," என்றார்.

"நீங்க நாற்காலியில உக்காந்தே நான் பாத்ததில்லையே," என்றார் போஜ்வானி.

இரண்டாவது பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். வலது கை எழுதியது, இடது கை காகிதத்தை அமுக்கிப் பிடித்திருந்தது. ஆடவில்லை.

வெளியே சுதாமா கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு லாரிப் பக்கம் நடந்துகொண்டிருந்தான். அவதேஷ் கூப்பிட்டார். மார்ச் மாதம் கான்பூர் என்றார். நிச்சயமா என்று கேட்டான். பாதி நிச்சயம் என்றார். பரணுக்கு ஆள் சேர்க்கிறேன் என்று அவன் தலையாட்டினான்.

அவன் போக இருந்தான். அவதேஷ் விடவில்லை.

"அன்னைக்கு ஃபிலிம் இருந்துச்சு, சுதாமா. உங்கண்ணன் நின்னப்போ. தீரல."

சுதாமா கம்பிச் சுருளை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"தெரியும், பாபு. ஃபிலிம் டப்பா தூக்கினது நான்தானே."

அவன் போய் லாரியில் சுருளை வீசினான். அவதேஷ் நின்ற இடத்திலேயே நின்றார். கை ஆடத் தொடங்கியது. அதைப் பைக்குள் வைக்க அவருக்கு அப்போது தோன்றவில்லை.